பட்டியலில் இல்லாத பெண்கள்

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியான மறுநாள் நம் நாளேடுகளைப் புரட்டினால் பக்கம் பக்கமாகப் படங்கள். 9 ஏ, 10 ஏ எடுத்த பிள்ளைகள், பக்கத்தில் பூரித்த பெற்றோர், பொன்னாடையோடு ஒரு பிரமுகர். அடுத்த வாரமே மெட்ரிகுலேஷன் இடங்களைப் பற்றிய வாக்குவாதம் தொடங்கிவிடும். 2018இல் இந்திய மாணவர்களுக்கு 2,200 இடம் என்ற அறிவிப்பு வந்தபோது அது சமூகத்தின் வெற்றியாகவே பேசப்பட்டது. வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே நாளில் ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலோ டுரியான் துங்கால் தாமானிலோ, இரண்டு கிரெடிட்டோடு, அல்லது கிரெடிட்டே இல்லாமல், கைப்பேசியில் முடிவைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போன பெண்ணைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இருக்காது.

அவளுக்கு என்ன வழி என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. மலாக்காவில் வழியே இல்லை என்று சொல்வோர் உண்டு. அது சரியல்ல. பயிற்சி நிலையங்கள் மாநிலத்தின் மூன்று மாவட்டங்களிலும் இருக்கின்றன, கட்டணமும் பெரிதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தாலும் அங்கே போய்வர வண்டி இல்லை. வண்டி இருந்தாலும் பெண் பிள்ளையை அனுப்ப மனம் வருவதில்லை. இதற்கிடையே, கல்லூரி என்ற பெயர்ப்பலகை ஒன்றுக்காகவே கடன் வாங்கி எங்கோ சேர்த்துவிடுகிறோம். அதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி என்பது என் கருத்து.

நம் பெண்கள் வேலைக்குப் போவது புதிதன்று. மலாயாவில் ரப்பர் முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், 1896இல், டான் சே யான் என்பவரால். அதன்பின் தோட்டங்கள் பெருகியபோது தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தவர்களில் பெண்களும் ஆண்களோடு விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள். கத்தியும் வாளியுமாகக் கித்தா மரங்களுக்கு நடுவே நடந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. பால்வெட்டில் சமக்கூலி வந்தது தொழிற்சங்க காலத்தில். லயத்து வீடுகளில் அம்மாவின் சம்பளம் இல்லாமல் அடுப்பு எரிந்த வீடு அரிது. பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் அவள் மலைக்குப் போனாள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவும் ஒரு தோட்டப் பெண்தான். கத்தி பிடிக்காமல் ஒரு தோட்டப் பெண் சம்பளம் வாங்கக்கூடிய வேலைகளில் அதுவும் ஒன்று.

கித்தா போய்ச் செம்பனை வந்ததும் பெண்ணின் நிலை தாழ்ந்தது. குலை வெட்டுவது ஆண் வேலை ஆயிற்று. பெண்ணுக்கு உதிரிப் பழம் பொறுக்குவதும் மருந்தடிப்பதும் மிஞ்சின. முதுகில் தொட்டியைச் சுமந்து பாராகுவாட் தெளித்த பெண்களின் நகமும் தோலும் கண்ணும் என்ன ஆயின என்பதைத் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. அந்த மருந்து நாட்டில் தடைசெய்யப்பட்டது 2020இல்தான். ஆகவே, "என் மகள் தோட்டத்து வேலைக்குப் போகக்கூடாது" என்று ஒரு தாய் சொன்னால் அதில் வறட்டுக் கௌரவம் எதுவும் இல்லை. அவள் உடம்புக்குத் தெரிந்ததைச் சொல்கிறாள்.

1970களில் பத்து பெரெண்டாமில் தடையற்ற வாணிப வட்டாரம் எழுந்தது. 1973இல் சீமென்ஸ் தொடங்கிய ஆலைதான் இன்றைய இன்ஃபினியன். அதே வட்டாரத்தில் ஆலை நடத்திய நேஷனல் செமிகண்டக்டர் 2011இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கைக்குப் போனது. கம்பெனி பஸ் தோட்டத்து வாசல் வரை வந்து நின்றது. அன்றுமுதல் "கம்பெனி வேலை" என்ற சொல் மலாக்காத் தமிழ்ப் பெண்களின் வாழ்க்கையில் பள்ளிக்கு அடுத்த படியாகவே ஆகிவிட்டது.

இனி, கல்லூரிக்குப் பொருந்தாதவள் என்று யாரைச் சொல்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். மலாக்காவின் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறு ஆண்டு படித்தவள், மலாய்மொழியில் தேறாவிட்டால் ஓராண்டு ரிமூவ் வகுப்பில் உட்காருவாள். சகவயதுப் பிள்ளைகள் முதலாம் படிவத்தில் இருக்கும்போது இவள் மட்டும் தனியறையில். பிறகு எல்லாப் பாடமும் மலாயில். 2013முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் கைக்கு வர மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தாலும் வரலாற்றுத் தாளில் விழுந்தால் சான்றிதழ் இல்லை. பள்ளியில் அவளை "படிப்பு வராத பிள்ளை" என்பார்கள். உண்மையில் அவளுக்கு வராதது ஒரு தாள். அதை மட்டும் மறுதேர்வில் எழுதி எடுக்க வழியுண்டு என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. மலாய்மொழி, வரலாறு, கணிதம் ஆகியவற்றுக்கு மறுதேர்வு இருக்கிறது. அந்த ஒரு தாள் கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு, அரசாங்க வேலைக்கு மனுப்போடும் நாளில்தான் புரியும்.

இன்னொரு வகையினரும் உண்டு. நாலைந்து கிரெடிட் இருக்கும், ஆனால் இனிப் புத்தகத்தோடு மூன்று ஆண்டு உட்கார மனம் இல்லை. கைவேலை பிடிக்கும், மனிதரோடு பழகப் பிடிக்கும், காசு பார்க்கப் பிடிக்கும். இவளைத்தான் நாம் பெரும்பாலும் பாழாக்குகிறோம். "அஞ்சு கிரெடிட் இருக்குல்ல, டிப்ளோமா பண்ணு" என்று உறவு சொல்லும். தனியார் கல்லூரியின் முகவர் வீட்டுக்கே வந்து பாரத்தை நிரப்பித் தருவார். 1997இல் அமைந்த பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் நல்ல நோக்கத்தோடு வந்ததுதான், எத்தனையோ வீட்டைத் தூக்கிவிட்டிருக்கிறது. ஆனால் விருப்பமில்லாத வணிக நிர்வாக டிப்ளோமாவில் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் நின்றுவிடும் பெண்ணுக்கு மிஞ்சுவது கடன் மட்டுமே. படிப்பை விட்டாலும் கடன் விடாது. பிறகு அவள் போய் நிற்பது அதே கம்பெனி வாசலில், இரண்டு ஆண்டு பிந்தி, பாக்கியோடு. பதினேழு வயதிலேயே கம்பெனிக்குப் போனவள் இவளைவிட முன்னே இருப்பாள்.

அப்படியானால் எங்கே போவது? மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., இந்தக் கேள்விக்கு நாட்டில் இருக்கும் நேரடி விடை. மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு அடித்தளம். முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். தேவையில்லை, மலாய் பேசவும் எழுதவும் தெரிந்தால் போதும் என்பதுதான் பொது விதி. தாளில் விழுந்தவள் கையில் ஏறிவர ஒரு படிக்கட்டு இது. நிலையங்கள் தங்கள் சொந்த நிபந்தனைகளையும் வைக்கும், கேட்டுக்கொள்ள வேண்டும்.

அலோர் காஜா மாவட்டத்தில் தாபோ நானிங்கில் அட்டெக் என்ற உயர் தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கிறது. மின்னணுவியல், உற்பத்தி போன்ற பொறியியல் பிரிவுகள், விடுதியோடு. அதே மாவட்டத்தில் தேசிய இளைஞர் திறன் பயிற்சிக் கழகமும் உண்டு. மஸ்ஜித் தானா, செலாண்டார், ஜாசின், புக்கிட் பெருவாங் ஆகிய ஊர்களில் சமூகக் கல்லூரிகள். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் இவை கைத்தொழில் சொல்லித்தரும் இடங்கள், எஸ்.பி.எம். சான்றிதழ் உள்ளவர்கள் சேரலாம். ஒரு பருவத்துக்குச் சில நூறு வெள்ளி கட்டினால் போதும். இதே இடங்களில் ஓரிரு நாள் குறும்பயிற்சிகளும் நடக்கும், கேக், தையல் என்று. அவற்றுக்கு வயதும் சான்றிதழும் பார்ப்பதில்லை. மெர்லிமாவ் பாலிடெக்னிக் கிரெடிட் உள்ளவர்களுக்கு. கியாட்மாரா 1986இல் பூமிபுத்ராக்களை முன்வைத்துத் தொடங்கப்பட்டது, மற்றவர்க்கும் ஓரளவு இடம் தருகிறது. மாநில எல்லையைத் தாண்டினால் ம.இ.கா.வின் கல்விக்கரம் நடத்தும் தேஃப் கல்லூரி சிரம்பானில். பள்ளியை நடுவிலேயே விட்ட நம் பிள்ளைகளுக்கென்றே பசுபதி சிதம்பரம் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் உலு சிலாங்கூரின் கலும்பாங்கில்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது, அதிகம் பேசப்படாத இன்னொன்று: எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி முறை. ஜெர்மனியைப் பார்த்து 2005இல் கொண்டுவந்தது. வாரத்தின் பெரும்பகுதி வேலையிடத்தில், மிச்சம் பயிற்சி நிலையத்தில். முதலாளி படித்தொகை கொடுப்பார், முடிவில் சான்றிதழ். மூன்று ஆண்டு சம்பளமில்லாமல் மகளை வைத்திருக்க முடியாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி தெரியவில்லை. தனியார் நிலையங்களில் எஸ்.கே.எம். படிக்க பி.டி.பி.கே. என்ற திறன் நிதிக் கழகம் கடன் தருகிறது. கடன் என்பதால் இதிலும் அதே எச்சரிக்கை தேவை: நிலையம் அந்தப் பாடத்துக்கு அங்கீகாரம் பெற்றதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

தொழிற்சாலைக்கு வருவோம். "கம்பெனி வேலை" என்றால் முகம் சுளிப்பவர்கள் அங்கே ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. சில்லு கோக்கும் கூடத்தில் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே தெரியும். உடம்பின் மின்னூட்டம் சில்லைக் கெடுத்துவிடாமல் மணிக்கட்டில் ஒரு பட்டை, அதன் வால் மேசையோடு இணைந்திருக்கும். முடியைவிட மெல்லிய கம்பியை இயந்திரம் தைப்பதுபோல் பொருத்திக்கொண்டே போகும். ஆபரேட்டர் பெண் உருப்பெருக்கியில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கம்பி அறுந்தாலோ பிசகினாலோ இயந்திரம் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும். சின்னக் கோளாறு என்றால் அவளே சரிசெய்வாள். அதற்கு மேல் என்றால் கையைத் தூக்கிவிட்டுக் காத்திருப்பாள். டெக்னீஷியன் வருவார், மூடியைத் திறப்பார், சரிசெய்துவிட்டுப் போவார். அந்தப் பெண் பத்து ஆண்டில் அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு முனகலையும் அறிந்திருப்பாள். ஆனாலும் மூடியைத் திறக்கும் உரிமை அவளுக்கு இல்லை. அந்த உரிமைக்குப் பெயர் எஸ்.கே.எம். மூன்று, அல்லது அதற்கு மேல்.

கணக்கையும் போட்டுவிடலாம். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது, 2022 மே மாதம் 1,500 ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700. மாதம் 1,700இல் ஊழியர் சேமநிதிக்கு, அதாவது இ.பி.எஃப்.புக்கு, 11 விழுக்காடு, 187 வெள்ளி போகும். சமூகப் பாதுகாப்புச் சந்தாவான பெர்கேசோவும் போக ஏறக்குறைய 1,500 கையில். மணிக்கு 8 வெள்ளி 17 காசு என்ற கணக்கில் ஓ.டி. ஒரு மணிக்குப் 12 வெள்ளிக்குச் சற்றே கூடுதல். ஆகவேதான் ஆபரேட்டர் பெண்கள் ஓ.டி.யை விடுவதில்லை, ஞாயிறு, பொதுவிடுமுறை என்றால் இன்னும் நல்லது. சம்பளம் கூடுவது உழைப்பு நேரம் கூடுவதால் மட்டுமே. முப்பத்தைந்து வயதில் முதுகுவலி வந்தபிறகு அந்தக் கணக்கு தலைகீழாகும். டெக்னீஷியனுக்கு அடிப்படைச் சம்பளமே வேறு. கம்பெனிக்குப் போவது தப்பில்லை, இரட்டைப் பயிற்சி தரும் கம்பெனியா, உள்ளுக்குள்ளேயே பயிற்சிக்கு அனுப்புவார்களா என்று நேர்முகத்திலேயே கேட்கத் தெரிய வேண்டும். அதைக் கேட்கப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டும்.

பராமரிப்புத் தொழில் இன்னொரு பெரிய வட்டம். 1994இல் மகோத்தா மருத்துவமனை வந்தபின் மலாக்கா மருத்துவப் பயணிகளின் ஊராக வளர்ந்தது. சுமத்ராவிலிருந்து கப்பலேறி வரும் நோயாளிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. தாதியர் டிப்ளோமாவுக்கு கிரெடிட்டுகள் வேண்டும், அது இந்தக் கட்டுரைக்கு வெளியே. ஆனால் தாதிக்கு உதவியாளர், பல் மருத்துவருக்கு உதவியாளர், கிளினிக் முகப்பு, மருந்து எடுத்துக்கொடுப்பது என்று பல வேலைகள் எஸ்.பி.எம். அளவில் கிடைக்கின்றன. முதியோர் பராமரிப்பில் ஆள் தேவை வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2018இல் தனியார் முதியோர் நலப் பராமரிப்புக்கென ஒரு சட்டமே வந்தது. குழந்தைக் காப்பகங்கள், அதாவது தஸ்காக்கள், 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருகின்றன, அங்கே வேலை செய்பவருக்கு அடிப்படைப் பயிற்சி கட்டாயம். பாட்டி ஆயாக்கொட்டகையில் செய்ததைப் பேத்தி சான்றிதழோடு செய்யலாம், ஒரு நாள் சொந்தமாகவும் வைக்கலாம். சம்பளம் மட்டும் இன்னும் ஆயாக்கொட்டகைக் காலத்தை விட்டு வெகுதூரம் வரவில்லை. பிறர் பிள்ளையை ஒப்படைக்கும்போது அம்மாவைப் போல அன்பு வேண்டும் என்கிறோம், மாதக் கடைசியில் கடைநிலைக் கூலி கொடுக்கிறோம். பட்டணத்தில் தமிழ்ப்பிள்ளைகளுக்கான பாலர் பள்ளி நடத்தும் அமைப்புகளும் இதில் விதிவிலக்கல்ல.

ஹோட்டல், சுற்றுலா பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் ஆனபின் அறைகள் பெருகின, வேலையும் உண்டு. வார இறுதியில் ஊரே விடுமுறையில் இருக்கும்போது வேலை செய்ய வேண்டும். அது ஒத்துவருகிறவளுக்கு மொழி வளரும், தைரியமும் வளரும்.

அழகுக்கலையும் தையலும் நம் பெண்கள் தாமாகத் தேடிப்போகும் துறைகள். ஜாலான் பெண்டஹாராவில் இருக்கும் லிட்டில் இந்தியாவில் ஒரு மாலை நடந்தாலே தெரியும், எத்தனை ஒப்பனை நிலையம், எத்தனை ஜாக்கெட் தையல் பலகை. மணப்பெண் அலங்காரம், சேலை மடிப்பு, மருதாணி, ஆரி வேலை என்று ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைக்கிறது. தாமான் வீட்டின் முன்னறையில் ஒரு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம், சுவரில் அளவு எழுதிய காகிதங்கள், பக்கத்தில் பிளாஸ்டிக் பைகளில் துணி, ஒவ்வொன்றிலும் ஊசி குத்திய பெயர்ச்சீட்டு. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே "ஆர்டர் முடிஞ்சிடுச்சி அக்கா" என்று சொல்ல வேண்டிய நிலை. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை, அப்போது இயந்திரம் மூடியே கிடக்கும். நான் பார்த்தவரை பெரும்பாலோர் கூலி குறிக்கும்போது நூலையும் லைனிங்கையும் கணக்கில் சேர்ப்பார்கள், தம் உழைப்பு நேரத்தைச் சேர்ப்பதில்லை. உறவுக்காரர் என்றால் அதிலும் தள்ளுபடி.

இங்கே ஒரு விசித்திரம். முடிதிருத்தம், ஜவுளி, நகைத்தொழில் ஆகிய மூன்று இந்தியத் தொழில்களுக்கும் 2009முதல் அந்நியத் தொழிலாளர் வருவது நிறுத்தப்பட்டிருந்தது. ஆள் இல்லை, கடை மூட வேண்டியதுதான் என்று முதலாளிகள் பல ஆண்டு கேட்டபின் 2023இல் 7,500 பேருக்கு அனுமதி கிடைத்தது. ஒரு பக்கம் ஆளில்லை என்ற குரல், இன்னொரு பக்கம் வேலையில்லை என்று வீட்டில் இருக்கும் பெண்கள். கடைக்குள் ஒரு பெண் நின்று முடிவெட்டுவதை நாம் ஏற்கத் தயாராக இல்லை என்பது ஒரு காரணம். கடைகள் கொடுக்கும் சம்பளத்துக்கு உள்ளூர்ப் பிள்ளை வரமாட்டாள் என்பது பெரிய காரணம். சீனர் நடத்தும் சிகை நிலையங்களில் பெண்கள் எஸ்.கே.எம். வாங்கி வேலை செய்கிறார்கள், அதே கத்தரிக்கோல்தான்.

வீட்டில் தொழில் செய்பவளுக்கு 2024இல் வந்த "பெண்" திட்டம் பயன்படும். இந்தியப் பெண் தொழில்முனைவோருக்கென ஆமானா இக்தியார் மலேசியா வழி 5 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். தெக்குன் வழங்கும் ஸ்பூமி கடனும் உண்டு. கடனைவிட முதலில் செய்ய வேண்டியது வேறு என்பேன்: தொழிலைப் பதிவது, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுயதொழிலாளருக்கான பெர்கேசோவில் சேர்வது, இ.பி.எஃப்.பில் தானாக மாதம் கொஞ்சம் போடுவது. தோட்டத்துப் பாட்டிக்குக்கூட இ.பி.எஃப். இருந்தது. இன்ஸ்டாகிராமில் ஆயிரம் பேர் பின்தொடரும் ஒப்பனைக்காரிக்குப் பெரும்பாலும் இல்லை.

இத்தனையும் இருந்தும் ஏன் போவதில்லை? வீட்டின் பயத்தைக் கேலிசெய்வது எளிது. தாபோ நானிங்கில் விடுதி என்றதும், "பொம்பளப் பிள்ளைய எப்படிம்மா தனியா விடறது" என்பாள் தாய். அவள் கேட்பது நியாயமான கேள்வி: விடுதியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர், சாப்பாடு என்ன, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எப்படி வருவாள்? விடை சொல்ல ஆளில்லாததால் "வேண்டாம்" என்று முடிகிறது. அங்கே படித்த இன்னொரு தோட்டத்துப் பெண் வந்து அரைமணி பேசினால் போதும், பத்துக் கருத்தரங்குகள் செய்யாததை அது செய்யும். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்கள் இதைச் செய்யலாம். செலவும் இல்லை, மேடையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம்.

அடுத்தது வண்டி. தோட்டத்துக்குள் பஸ் வருவது நின்று வெகுகாலம் ஆகிறது. கம்பெனி பஸ் மட்டும் வருகிறது, அதனால்தான் எல்லாப் பெண்ணும் கம்பெனிக்கே போகிறாள் என்றால் மிகையில்லை. 16 வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம். பையனுக்கு அந்த வயதில் வீட்டில் பேச்சு எழுகிறது, பெண்ணுக்கு எழுவதில்லை. தனியார் டிப்ளோமாவின் முதல் பருவக் கட்டணத்தில் கப்சாய் எனப்படும் ஒரு பழைய சிறு மோட்டார் சைக்கிளும் லைசென்சும் வாங்கிவிடலாம். அதோடு ஜாசின் சமூகக் கல்லூரியும் மெர்லிமாவும் அவள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

பெண்களில் உழைப்புச் சந்தையில் இருப்போர் மலேசியாவில் ஏறக்குறைய 56 விழுக்காடுதான், ஆண்களில் 80ஐத் தாண்டும். இடைவெளி பெரிதும் திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பிறகு விழுகிறது. 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாள், வார வேலைநேரம் 45 மணி. இவை நல்ல மாற்றங்கள், ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் 98 நாளுக்குப் பிறகும் கேள்வி அப்படியே இருக்கும். ஆகவே பதினெட்டு வயதில் தேர்ந்தெடுக்கும் வேலை, முப்பதில் விட்டுவிட்டு முப்பத்தாறில் திரும்பி வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் வேலையாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஆபரேட்டருக்கு அப்போது மீண்டும் அடியிலிருந்துதான். எஸ்.கே.எம். வைத்திருப்பவள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சான்றிதழ் எடுக்காமலே பல ஆண்டு வேலை செய்தவளுக்கும் வழி அடைபட்டதில்லை: பி.பி.டி. என்ற முறையில், செய்த வேலையின் படங்களையும் ஆதாரங்களையும் கோப்பாகச் சேர்த்துக் கொடுத்தால், தேர்வாளர் நேரில் வந்து பார்த்து, வகுப்பில் உட்காராமலே எஸ்.கே.எம். கிடைக்கும். தைத்த ஜாக்கெட்டுகளின் படங்களைக் கைப்பேசியில் வைத்திருக்கும் பெண்கள் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் எத்தனையோ பேர். அந்தப் படங்கள் கோப்புக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.